இடது காலும் ஒரு இரும்பு வளையமும்

கார் வச்சிருக்கிற நண்பர்கள்ல பாதிப் பேருக்கு ஒரு வியாதி இருக்கு மக்களே. வண்டியில புதுசா ஒரு சத்தம் வந்தா, முதல் வேலையா பாட்டு சவுண்டை ஏத்திடுவாங்க :-) சத்தம் காணாமப் போயிடும். வியாதி அப்படியே இருக்கும்.

அப்படி அமுக்கப்படுற சத்தங்கள்ல முதலிடம் கிளட்ச் ரிலீஸ் பேரிங்குக்குத்தான். மெக்கானிக் ஷெட்ல 'கிளட்ச் பேரிங்'னு சொன்னாலே போதும். கிளட்சை மிதிச்சா 'கீ....'ன்னு ஒரு கத்தல், காலை எடுத்தா கப்சிப்.

இந்த விஷயத்துல என் கருத்து இதுதான்: சத்தம் வந்த வாரமே கவனிங்க. கியர் பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி நல்லா காது கொடுத்துக் கேளுங்க. இறக்கின அப்புறம் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. மீதிப் பதிவு முழுக்க இதுக்கு விளக்கவுரை. பொறுமை இருக்கிறவங்க மேல படிக்கலாம்.

முதல்ல இந்தப் பேரிங் என்ன பண்ணுதுன்னு பார்த்துடுவோம். எஞ்சினுக்குப் பின்னாடி ஃபிளைவீல்னு கனமா ஒரு சக்கரம். அதோட சேர்ந்தே சுத்தற பிரஷர் பிளேட். ரெண்டுக்கும் நடுவுல அப்பளம் மாதிரி கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் எஞ்சினோட சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போகும். நாம பெடலை மிதிச்சா அந்தப் பிடி விடணும். சிக்கல் என்னன்னா, பிரஷர் பிளேட் நிக்காம சுத்திக்கிட்டு இருக்கு. சும்மா ஐடிலிங்லயே நிமிஷத்துக்கு 800 சுத்து கிட்ட வரும். நம்ம கால், கேபிள், ஃபோர்க் எதுவும் சுத்தாது. சுத்தாத ஒண்ணு, சுத்தற ஒண்ணைப் போய் அமுக்கணும். நடுவுல ஒரு மத்தியஸ்தர் வேணும் இல்லையா? அவர்தான் ரிலீஸ் பேரிங். ஒரு பக்கம் அசையாம நிக்கும், மறுபக்கம் பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் விரல்களை அமுக்கிக்கிட்டே கூடச் சுத்தும். கல்யாண வீட்டுல ரெண்டு சம்பந்திக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தாய்மாமன் மாதிரி ஒரு பிழைப்பு.

உள்ளே குண்டுகளும் கிரீஸும் இருக்கும். கிரீஸை செய்யும்போதே அடைச்சு மூடிடறாங்க. அப்புறம் வெளியில இருந்து போட வழி கிடையாது. அது காஞ்சு போச்சுன்னா குண்டுகள் உராயும், கத்தும். 'கொஞ்சம் ஆயில் விட்டா சரியாயிடும்'னு யாராவது சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. தப்பித் தவறி அந்த ஆயில் கிளட்ச் பிளேட்ல பட்டா, பிளேட்டும் வழுக்க ஆரம்பிச்சிடும்.

இப்ப நம்ம ஊர் ரோட்டுக்கு வருவோம். பெருங்களத்தூர்ல ஆரம்பிச்சு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் டோல், செங்கல்பட்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல ஆபீஸ் நேரத்துல போறவங்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாங்க. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி அந்தப் பக்கம் போயிருந்தீங்கன்னா நான் விளக்கவே வேண்டாம்.

சும்மா ஒரு கணக்குப் போடுங்க. நெரிசல்ல நிமிஷத்துக்கு நாலு தடவை கிளட்ச் மிதிச்சா, ஒண்ணரை மணி நேரத்துல 360 தடவை. போக வர 720. மாசத்துக்கு 25 நாள்னா 18,000. அதே வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில, கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் போகுது. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில 20 தடவை மிதிச்சாலே அதிகம். ரெண்டு வண்டியும் மீட்டர்ல 60,000 கிலோமீட்டர் காட்டலாம். ஆனா ரெண்டு பேரிங்கும் ஒரே வயசு கிடையாது. அதனால 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்'னு கிளட்சுக்கு ஜாதகம் கணிக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த ரோட்டுல, யார் காலுக்குக் கீழேன்னு கேட்டுட்டு அப்புறம் ஜாதகம் எழுதணும்.

தண்ணியும் ஒரு வில்லன். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் பக்கம் கார்கள் முழுகிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் பல தெருவுல இதே கதை. கேபிள் கிளட்ச் வண்டிகள்ல ஃபோர்க் வெளியே வர்ற இடத்துல ஒரு ஓட்டை இருக்கும், அதுக்கு ஒரு ரப்பர் மூடி. அது கிழிஞ்சிருந்தா சேத்துத் தண்ணி நேரா உள்ளே போகும். எஞ்சின், சீட், வயரிங் எல்லாம் பார்த்தவங்க இந்த மூலையைப் பார்த்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது. கடலோரமா நிறுத்தி வைக்கிற வண்டிகளுக்கு உப்புக் காத்து வேற. கேபிள் முனையும் ஃபோர்க் அச்சும் துருப்பிடிச்சு இறுகினா, பேரிங் நல்லா இருந்தாலும் சத்தம் வரும்.

அதனாலதான் முதல்ல கேளுங்கன்னு சொல்றேன். ஏ.சி.யை நிறுத்துங்க, பாட்டை நிறுத்துங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். அஞ்சு நிமிஷ வேலைதான்.

1. எஞ்சினை ஆன் பண்ணாம பெடலை நாலு தடவை மிதிங்க. அப்பவே 'கிரீச்'னு கேட்டா அது சுத்தற பேரிங்கோட கத்தல் இல்லை. பெடல் அச்சு, கேபிள், ஃபோர்க் இதுல ஏதோ ஒண்ணு காஞ்சு கிடக்கு. பல நேரம் கியர் பாக்ஸைத் தொடாமலே முடியற வேலை.

2. எஞ்சினை ஆன் பண்ணுங்க. காலை எடுத்திருக்கும்போது அமைதி, மிதிச்சா கத்தல்னா, ரிலீஸ் பேரிங்தான் முதல் குற்றவாளி.

3. இதுக்கு நேர் தலைகீழ். காலை எடுத்திருக்கும்போது சத்தம், முழுசா மிதிச்சா அமைதி. அப்படின்னா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல சந்தேகப்படுங்க. மிதிச்சதும் அந்த ஷாஃப்ட் நின்னு போறதால சத்தமும் நிக்குது. இது வேற வேலை, வேற செலவு.

4. நடுவுல ஒரு கேஸ். காலை எடுத்திருக்கும்போது லேசா ஒரு சிணுங்கல், பெடல் மேல சும்மா கால் பட்டாலே நின்னுடும். இது ரிலீஸ் பேரிங்கோ ஃபோர்க்கோ பிடிமானம் இல்லாம ஆடறதா இருக்கலாம். கேபிள் வண்டின்னா பெடல் பிளே சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அளவு வண்டியோட கையேட்டுலயே இருக்கும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஷெட்டுக்குப் போறவனுக்கும், 'ஏதோ சத்தம் வருதுண்ணே'ன்னு போறவனுக்கும் பில்லுல வித்தியாசம் தெரியும். மெக்கானிக்கைக் குறை சொல்லலை. வியாதியைச் சரியா சொல்ற நோயாளிக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, ரிலீஸ் பேரிங்தான்னு முடிவாயிடுச்சு. இங்கதான் ஊர் ரெண்டா பிரியும்.

முதல் கட்சி: 'சத்தம்தானே, ஓடற வரைக்கும் ஓடட்டும்.' இந்தக் கட்சியில ஒரு நியாயம் இருக்கு. லேசா சிணுங்கற பேரிங் மறுநாளே உடையணும்னு இல்லை, மாசக் கணக்குல ஓடறதும் உண்டு. ஆனா எப்ப நிறுத்திக்கும்னு எந்த மெக்கானிக்காலயும் சொல்ல முடியாது. இறுகிப் போன பேரிங், பிரஷர் பிளேட்டோட விரல்களை அரம் மாதிரி தேய்க்கும். அது நகர்ற குழாயையும் கீறும். கடைசியில துண்டு துண்டா உடைஞ்சா கிளட்ச் விடவே விடாது. கியர் மாத்த முடியாது. அது வீட்டு வாசல்ல நடந்தா பரவாயில்லை. பரனூர் டோல் வரிசையிலயோ, ராத்திரி பத்து மணிக்கு மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் போற வழியிலயோ குடும்பத்தோட மாட்டிக்கிட்டா? அங்கதான் இந்தச் சிக்கனத்தோட நிஜ விலை தெரியும்.

ரெண்டாவது கட்சி: 'பேரிங்கை மட்டும் மாத்திடுங்க, சின்ன பார்ட்தானே.' சின்ன பார்ட்தான். சின்ன கார்கள்ல தனிப் பேரிங் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனா அதைத் தொடறதுக்கு கியர் பாக்ஸை இறக்கணும். கூலியெல்லாம் அந்த இறக்கி ஏத்தற வேலைக்குத்தான். கிளட்ச் பிளேட் பாதி தேய்ஞ்சிருக்கும்போது பேரிங்கை மட்டும் மாத்தினா, கொஞ்ச நாள்ல பிளேட் தேய்ஞ்சு மறுபடி அதே கூலி. கிணத்தைத் தூர் வார ஆள் இறக்கிட்டு ஒரு கூடை மண்ணை மட்டும் எடுத்துட்டு வான்னு சொல்ற மாதிரி.

என் கட்சி இதுதான். இறக்கியாச்சுன்னா பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் செட்டா மாத்திடுங்க. போன வருஷம்தான் மாத்தினது, பிளேட் தடிமன் நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்தா மட்டும் விதிவிலக்கு. ஃபிளைவீல் முகத்துல நீலக் கறையோ வெடிப்போ இருக்கான்னு பாருங்க. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசியுதான்னு பாருங்க. ஃபோர்க் அச்சுக்கும் பேரிங் நகர்ற குழாய்க்கும் துளி கிரீஸ், துளின்னா துளிதான். கழட்டின பழைய சாமானை வாங்கிப் பாருங்க. பழைய பேரிங்கை விரலால சுத்தினா கரகரன்னு கையில தெரியும். அதுதான் நீங்க கொடுத்த காசுக்கு ரசீது.

ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகள்ல சிலதுல பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒண்ணா சேர்ந்தே உள்ளே உட்கார்ந்திருக்கும். அங்க பேரிங் மட்டும் மாத்தற பேச்சே இல்லை, மொத்தமா மாத்தணும், விலையும் ஆயிரக் கணக்குல போகும். அதோட சீல் கசிஞ்சா பெடல் உள்ளே போய் உட்கார்ந்துக்கும். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் புதுப்பேட்டைப் பழைய இரும்பு வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். கதவு, கண்ணாடி வாங்கலாம். உள்ளே பூட்டி மறைச்சு வைக்கப் போற சாமான் புதுசாத்தான் இருக்கணும்.

மறைமலை நகரைச் சொன்னேனே, அங்க ஃபோர்டு தொழிற்சாலை. 1999ல ஐகான் அங்கிருந்து வந்துச்சு. இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, 2022ல அங்க கார் வேலை நின்னு போச்சு. அந்த ரோட்டோரம் பிறந்த வண்டிகள் இன்னமும் அதே ரோட்டுல கிளட்ச் மிதி வாங்கிக்கிட்டு ஓடுது. இந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க கிட்ட ஒரு சின்னக் கத்தல் கேட்டாலே 'தள்ளி விட்டுடுங்க சார், இனிமே செலவு இழுக்கும்'னு புரோக்கர்கள் வந்துடறாங்க. வாங்கற நேரத்துல அதே கத்தலைக் காட்டி விலையை அடிப்பாங்க, விக்கிற நேரத்துல கிளட்ச் செட் மாத்தினதா பெருமை பேசுவாங்க. கிளட்ச் தேயற சாமான், செருப்பு மாதிரி. செருப்பு தேய்ஞ்சதுன்னு யாராவது காலை விப்பாங்களா?

அடுத்து, இடது கால். பேரிங்கை ரோடு பாதி தின்னுதுன்னா மீதியைத் தின்னறது பெடல் மேலயே ஓய்வெடுக்கிற கால். சிக்னல்ல முதல் கியர்ல போட்டு முழுசா மிதிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நிக்கறது, பாலத்து ஏத்தத்துல ஹேண்ட் பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்ல வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது, எல்லாம் ஒரே ஜாதி. மாமல்லபுரத்துல கிருஷ்ணனோட வெண்ணெய் உருண்டை பாறைச் சரிவுல காலம் காலமா நிக்குது. அதுக்கு ஹாஃப் கிளட்ச் தேவைப்படலை :-) நமக்கு ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு கொடுத்திருக்காங்க. சிக்னல்ல நியூட்ரல், ஏத்தத்துல ஹேண்ட் பிரேக், ஓடும்போது காலுக்குப் பக்கத்துல தரையில இடம். பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டிக்காரங்க ரொம்ப சிரிக்க வேண்டாம். உங்க வண்டிக்குள்ளயும் கிளட்சும் பேரிங்கும் இருக்கு. உங்களுக்குப் பதிலா மோட்டாரோ ஹைட்ராலிக்கோ மிதிக்குது, அவ்வளவுதான். ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியை நிறுத்தினா அங்கயும் இதே கதைதான்.

கடைசியா, எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம். செங்கல்பட்டு ஸ்டேஷன்ல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரத்துக்கு வாடகை வண்டி ஓட்டற தம்பிகள்ல நிறைய பேருக்கு வண்டி சொந்தம் இல்லை. ஓனர் ஒருத்தர், ஓட்டறவர் ஒருத்தர். கிளட்ச் கத்துதுன்னு முதல்ல தெரியறது ஓட்டற ஆளுக்குத்தான். சொன்னா, 'சீசன் முடியட்டும்ப்பா'ன்னு பதில் வரும். சீசன் முடியறதுக்குள்ள பேரிங் முடிஞ்சிடும். அப்ப மட்டும் 'நீ ஓட்டின லட்சணம்'னு அதே தம்பி சம்பளத்துல பிடிக்கிற ஓனர்கள் இருக்காங்க. இது என்ன நியாயம்? காலை பெடல் மேலயே வச்சு ஓட்டினா அது டிரைவர் தப்பு, சொல்லித் திருத்தலாம். ஆனா நாள் முழுக்க நெரிசல்ல நூத்துக் கணக்குல மிதிக்க வைக்கிறது ரோடு. சத்தம் வருதுன்னு சொன்ன அப்புறமும் ஓட்டச் சொன்னது ஓனர். எச்சரிக்கையைக் கேட்டும் தள்ளிப் போட்டவர் யாரோ, பில் அவருடையது. என்னைக்கு சத்தம் வந்துச்சுன்னு தேதி போட்டு ஓனருக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்பி வைங்க தம்பிகளா. ஒரு ரூபாய் செலவில்லாத இன்சூரன்ஸ் அது.

இந்த வளையம் நிறுத்திக்கறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லுது. நம்ம வண்டியில இருக்கிற எத்தனை சாமானுக்கு அந்த நல்ல குணம் இருக்கு சொல்லுங்க? நாளைக்குக் காலையில வண்டி எடுக்கும்போது ஒரே ஒரு நிமிஷம் பாட்டைப் போடாம கிளட்சை மிதிச்சுப் பாருங்க மக்களே.

டிஸ்கி: சத்தம் வர்ற வண்டியில மாமியாரை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போறதா இருந்தா, மேலே சொன்ன எல்லாத்தையும் போன வாரமே செஞ்சு முடிச்சிருக்கணும் :-)