பேய்க்கு ரசிகர் மன்றம் இல்லை

முகத்துவாரக்குப்பத்தில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பக்கத்தில் இளைஞர்கள் நால்வர், எண்பதுகளில் வந்த பேய்ப்படம் ஒன்றைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சியைக் கைபேசியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புடவை, முகத்தில் அப்பிய பவுடர், கட்டித் தூக்கிய கம்பி தெரிய மிதந்து வரும் உருவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல், நக்கலுக்குப் பின்னால் ஏற்கெனவே பதிவு செய்துவைத்த சிரிப்பொலி. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. கருவாடு பிரித்துக்கொண்டிருந்த ஆயா மட்டும் நிமிர்ந்து, "அந்தப் பொண்ண கொன்னவன் எங்கடா? அத்த ஏன் காட்டல?" என்றார்.

"அது காமெடி ஆயா" என்றான் பேரன்.

"பேயி காமெடின்னா, கொன்னதும் காமெடியா?" என்று கேட்டுவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பகடி என்றும் கட்டுடைப்பு என்றும் நம் சிற்றிதழ் நண்பர்கள் வியந்து எழுதியிருப்பவற்றை ஓரளவு படித்திருக்கிறேன். ஆயா கேட்ட கேள்வி அவற்றில் எதிலும் எழுப்பப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

பகடிக்கு நான் எதிரி அல்லன். 2000களின் நடுவில் விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய லொள்ளு சபாவை விடாமல் பார்த்தவன். சந்தானமும் மனோகரும் சுவாமிநாதனும் அதில் உரித்தது, கட்-அவுட் வைத்துப் பாலபிஷேகம் செய்யப்பட்ட நாயக பிம்பத்தை. 2010இல் சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' அந்த வேலையைத் திரையரங்குக்குள் கொண்டுபோனது. அங்கே அடிவாங்கியவர்கள் திருப்பி அடிக்கக்கூடியவர்கள்; அவர்களுக்கு ரசிகர் மன்றங்கள் இருந்தன, கோபம் இருந்தது. பழைய பேய்ப்படத்தைக் கிண்டலடிப்பவருக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை. பேய்க்கு ரசிகர் மன்றம் கிடையாது. இயக்குநர் காலமாகியிருப்பார், நடிகையை யாருக்கும் நினைவிருக்காது, தயாரிப்பாளர் அந்தப் படத்தோடு தொழிலை விட்டிருப்பார். மிஞ்சுவது கம்பி தெரிகிறது என்ற ஒரே ஒரு கண்டுபிடிப்பு. அதாவது, எடுத்தவரிடம் காசு இல்லை என்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். இதற்குப் பகடி என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் பெற்று வந்து தமிழ்நாட்டுக் கொட்டகைகளை உலுக்கிய படம். அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சமைக்கிற பேய் இன்றும் கிண்டலுக்கு உகந்த பண்டம். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியைத் தமிழ் நாளிதழ்கள் வழக்கச் செய்தியாக அச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில் நம் பெண்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். வரதட்சணைச் சாவுக்கென்றே 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி என்ற தனிப் பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. விட்டலாச்சார்யா இதையெல்லாம் எண்ணித்தான் அக்காட்சியை வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வசூலை எண்ணி வைத்திருப்பார். ஆனால் அடுப்பின் முன் எரியும் பெண்ணுடலைக் கண்டு பெண்கள் பக்கம் எழுந்த வீறிடலை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா?

கிண்டலின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு அது புதிதல்ல. தண்டையார்பேட்டை அகஸ்தியாவிலும் (2020இல் மூடிவிட்டார்கள்) அதையொத்த கொட்டகைகளிலும் முன்வரிசையிலிருந்து வரும் குரலுக்காகவே படம் பார்த்தவர்கள் உண்டு. பேய் கதவைத் திறக்கும்போது "யக்கா, செருப்ப வெளிய உட்டுட்டு வா" என்று ஒருவன் கத்துவான். அரங்கம் இடிந்து விழும். கத்தியவன்தான் அதிகம் பயந்தவன் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் ஆட்டம் முடிந்து கடலோரச் சாலையில், விளக்கில்லாத இருட்டில், அவன் வீட்டுக்கு நடந்தாக வேண்டும். பயத்துக்குள் இருந்துகொண்டே சிரித்த சிரிப்பு அது. எழுதிக் கொடுத்த நக்கலைக் குளிரூட்டிய அறையில் படிப்பவருக்கு நடந்து கடக்க வேண்டிய இருட்டு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் 1988இல் மினசோட்டாவின் உள்ளூர் அலைவரிசை ஒன்றில் தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' இந்த முன்வரிசைக் குரலைத்தான் நிகழ்ச்சியாக்கியது. ஒரு மனிதனும் இரண்டு ரோபோக்களும் திரைக்கு முன் நிழலுருவாக அமர்ந்து மட்டமான படங்களுக்குக் கமெண்ட் அடிப்பார்கள். டெக்சாஸைச் சேர்ந்த உர விற்பனையாளர் ஒருவர், ஒரு தடவைக்கு அரை நிமிடம் மட்டுமே ஓடும் கேமராவை வைத்துக்கொண்டு 1966இல் எடுத்த 'மனோஸ்' என்ற திகில் படம் இவர்கள் 1993இல் கிண்டலடித்ததால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. ஆகவே கிண்டல் ஒரு படத்துக்கு மறுபிறவியும் தரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: அவர்கள் படத்தை ஏறக்குறைய முழுதாக ஓடவிட்டார்கள். ஒன்றரை மணிநேரம் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர்கள் வெட்டுவது இரண்டு நிமிடத் துண்டு. வெட்டும்போது முதலில் போவது பிளாஷ்பேக்.

லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) நம் இலக்கியவாதிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் படம். எனக்குத் தயக்கமில்லை. இரவில் சிறுநீர் கழிக்க அம்மாவைத் துணைக்கு அழைக்கும் நாயகனைப் பார்த்துச் சிரிக்கவைத்து, அதே மூச்சில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் கதையையும் அது சொல்லிவிடுகிறது. மசாலா அதிகம்தான்; ஆனாலும் கொன்றவன் யார் என்ற கேள்வியை அது தப்பவிடவில்லை. லொள்ளு சபாவின் ராம்பாலாவே பின்னாளில் சந்தானத்தை வைத்து 'தில்லுக்கு துட்டு' (2016) எடுத்தார். அதே வரிசையில் 2025இல் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தில் சந்தானம், படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் யூடியூப் விமர்சகராக வந்து ஒரு பேய்ப்படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறார். அழகான கற்பனை. ஆனால் பழிவாங்கும் ஆவி யாருடையது? விமர்சகர்களால் மனம் புண்பட்ட இயக்குநருடையது. ஆயா விசாரித்த பெண்ணுக்கு அங்கும் இடமில்லை.

பழைய பேய்ப்படங்களில் கிண்டலடிக்கப்பட வேண்டியது இல்லாமலில்லை. பண்ணையார் மகன் அந்தப் பெண்ணைச் சூறையாடும் காட்சியைக் கேமரா நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்க்கும். போலீஸ் கடைசிக் காட்சிக்கு வந்து சேரும். கொலையுண்டவள் நியாயம் கேட்டு எழுந்து வந்தால், அவளை மந்திரவாதி ஒருவர் எலுமிச்சம்பழத்தில் அடக்கிப் புதைத்துவிட்டு, ஊருக்கு நல்லது செய்ததாகக் கும்பிடு வாங்கிக்கொள்வார். இதைவிடக் கேவலமான நகைச்சுவை வேறு உண்டா? நம் நகைச்சுவையாளர்கள் இதையெல்லாம் தாண்டிச் சென்று பவுடரில் நிற்கிறார்கள்.

கம்பி தெரிவது எங்களுக்கும் தெரியும். அன்றே தெரியும். அந்தப் பிளாஷ்பேக்கை வெட்டாமல் ஓடவிட்டு, பண்ணையாருக்கும் போலீசுக்கும் மந்திரவாதிக்கும் ஆளுக்கொரு நக்கல் எழுதிக் காட்டுங்கள். முகத்துவாரக்குப்பத்துத் திண்ணையில், ஆயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான் தயார்.