பூட்டு யந்திரத்திடம், சாவி யாரிடம்?

மனிதன் தவறுவான், யந்திரம் தவறாது. ஆகவே அணு உலையின் கடிவாளத்தை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்னும் புது வேதத்தைச் சிறிய அணு உலைகளின் பிரசாரகர்கள் ஓதி வருகின்றனர். இலங்கையிலும் அணுமின்சாரப் பேச்சு எழுந்துவிட்டது. இவ்வேதத்தை நாம் உரைத்துப் பார்த்தேயாக வேண்டும்.

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்லர். உலையின் வெப்பம் எல்லை கடந்ததும், நியூத்திரனை விழுங்கும் தண்டுகளைத் தானே இறக்கித் தொடர்வினையை நிறுத்தும் யந்திரம் மனித அறிவின் வெற்றியே. கணினியில் மாதிரி உலையொன்றை அமைத்து, வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, அந்த யந்திரத்தைச் சோதிப்பதும் நன்றே.

ஆனால் கல்பாக்கம் புகட்டும் பாடம் என்ன? 1985இல் அங்கே இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலை, 40 மெகாவாட் வெப்பத்துக்கென வகுக்கப்பட்ட சிறிய உலைதான். 1987 மே மாதத்தில் எரிபொருட் கற்றையொன்றை இடம் மாற்றினார்கள். கற்றை உரிய நிலையை அடையுமுன் உலையின் சுழல்மூடி அசையாதபடி காக்கும் தடைப்பூட்டு அப்போது விலக்கப்பட்டிருந்தது. மூடி சுழன்றது, கற்றைகள் சேதமுற்றன, சீர்செய்ய ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆயின. பூட்டு இருந்தது, அதை விலக்கும் கையும் இருந்தது!

சிறிய உலை தரும் மின்சாரம் குறைவு; ஆட்செலவைச் சுருக்காவிட்டால் இலாபம் இல்லை. ஒரே அறையிலிருந்து பல உலைகளைச் சில ஊழியரே இயக்கும் திட்டங்கள் பிறப்பது இதனால்தான். பாதுகாப்பின் பெயரால் வரும் யந்திரம், கூலிக் கணக்கின் கருவியாகவும் வருகிறது.

நமுனுகுல மலைச்சாரலில் பாடம் சொல்லும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, 2014 இறுதியில் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. குடைந்த யந்திரம் இட்ட வேலையைத்தான் செய்தது. வேலையை இட்டவர் யார்? கிணற்றுக்குச் சொந்தக்காரரை யார் கேட்டார்?

ஆகவே யந்திரத்தை மட்டும் சோதித்தால் போதாது. பூட்டை விலக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நிர்ப்பந்தத்தில், யார் சாட்சியாக என்பதும் சோதிக்கப்பட வேண்டும். சோதனையின் தோல்விகள் மக்கள் மொழியில் வெளியாக வேண்டும். ஆபத்தைக் கண்ட ஊழியன், மேலதிகாரிக்கு அஞ்சாமல் உலையை நிறுத்தும் உரிமை பெற வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! அணுவின் அமைப்பைக் கரும்பலகையில் வரையும்போது, அதன் சாவி யார் கையில் என்ற கேள்வியையும் அருகிலேயே எழுதுவோம்.