மாடு எதைத் தின்றது?

1990 மே மாதத்தில் பிரிட்டனின் அப்போதைய விவசாய அமைச்சர் ஜோன் கம்மர், பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் முன்னிலையில் தமது நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பேர்கர் ஒன்றை உண்ணக் கொடுத்தார். ‘விசர் மாட்டு நோய்’ பற்றிய மக்களின் அச்சத்தைப் போக்குவதே நோக்கம். 1996 மார்ச் 20 இல், அதே கட்சியின் அரசாங்கம் அந்நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்பதை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்நாட்டில் மட்டும் 170 இற்கும் அதிகமானோர் அதன் மனித வடிவத்தினால் மாண்டனர்.

நோய் பரவியது தீனியினால். புல் தின்னும் பிராணிக்கு, அதன் இனத்தின் இறைச்சியையும் எலும்பையும் மாவாக்கி, மலிவான புரதம் என்று ஊட்டினார்கள். 1988 இல் இது தடைசெய்யப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

இன்று மேற்கு நாட்டு அங்காடிகளில், புல் மேய்ந்து வளர்ந்த மாட்டின் இறைச்சி என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மாட்டிறைச்சி உண்பவர்கள் அதையே தெரிவு செய்வது நல்லது என்பது எனது கருத்து. ஆனால், விளம்பரங்கள் சொல்லும் காரணத்திற்காக அல்ல. ஒமேகா-3 கொழுப்பு அதில் அதிகம் என்பது உண்மையே. எனினும் நமது சாளை மீனில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. அதற்காக மாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை!

உண்மையான நன்மை வேறு. அமெரிக்காவில் பெரும்பாலான மாடுகள், இளமையில் புல் மேய்ந்தாலும், கடைசி நான்கைந்து மாதங்கள் பட்டிகளில் அடைக்கப்பட்டு, விரைவில் கொழுப்பதற்காகச் சோளத் தீனி ஊட்டப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சிய மாச்சத்து முதல் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்குகிறது. ஈரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகின்றன. அவற்றைத் தடுப்பதற்காக டைலோசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தீனியிலேயே கலக்கிறார்கள். வளர்ச்சியைத் தூண்டுவதற்காக மட்டும் இத்தகைய மருந்துகளைக் கொடுப்பது 2017 இல் நிறுத்தப்பட்ட போதிலும், நோய்த் தடுப்பு என்ற பெயரில், மிருக வைத்தியரின் அனுமதியுடன், அது தொடர்கிறது. ஆக, மருந்து நோய்க்காக அல்ல, தீனியைத் தாங்குவதற்காக. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவானால் அவை பட்டியோடு நிற்கப்போவதில்லை. மாட்டிறைச்சியைத் தொட்டும் பாராத நம் சைவர்களையும் அவை விட்டுவைக்கமாட்டா.

ஆனால், லேபலை நம்பிவிடக் கூடாது. கன்றுப் பருவத்தில் எந்த மாடும் புல் தின்கிறது. புல்லூட்டலுக்கென வகுத்திருந்த விற்பனைத் தரவரையறையை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் சந்தைப்படுத்தல் பிரிவு 2016 ஜனவரியில் மீளப்பெற்றுக்கொண்டது. எனவே ‘இறுதிவரை புல் மட்டுந்தானா?’ என்று விற்பவரிடம் கேட்கவேண்டும். பிரிட்டனில் ‘பாஸ்ச்சர் ஃபோர் லைஃப்’ முத்திரை அதற்கு உறுதியளிக்கிறது.

இது பூமியைக் காக்கும் இறைச்சி என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கவில்லை. புல்லில் வளரும் மாடு கொழுக்கக் கூடுதல் காலம் எடுக்கும். அக்காலம் முழுவதும் அது மீதேன் வாயுவை வெளியிடும். அமெரிக்கா முழுவதும் இம்முறைக்கு மாறினால், இப்போதைய அளவு இறைச்சியைப் பெற மாடுகளின் தொகை 30 சதவீதம் அதிகரிக்கவேண்டும் என 2018 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அவ்வளவு புல்லுக்கு அங்கே நிலமில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் வாரத்தில் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டால், வீட்டுக் கணக்கும் அதிகம் ஏறாது.