உறுமிக்குள் ஒரு பெயர்

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒவ்வொரு பனியனின் கழுத்திலும் ஒரு சீட்டு இருக்கிறது. அளவு, பருத்தி விகிதம், துவைக்கும் முறை எல்லாம் அதில் உண்டு. அதே மாவட்டத்தில், பொங்கலையொட்டிச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில் பக்கம் முழங்கும் உறுமி ஒன்றை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கடைந்தவர் யார், தோல் கட்டியவர் யார், எந்த வருடத்து மரம் என்று ஒரு கீறல்கூட இருக்காது.

இது சிறிய குறை அல்ல. உறுமி வெறும் அடிகருவி இல்லை, உரசுகருவியும்கூட. ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுகிறோம். மறுமுகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறோம். குச்சி தோலைக் கவ்வி இழுக்கிறது, நழுவுகிறது, திரும்பவும் கவ்வுகிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இந்தக் கவ்வலும் நழுவலும்தான் உறுமல். அடிக்கும் முகம் கொஞ்சம் தளர்ந்தால் சுருதிதான் இறங்கும். தேய்க்கும் முகத்தில் பிசகினாலோ குச்சி வழுக்கி, சத்தமே எழாது. பலாக் கட்டையின் இடை எவ்வளவு ஒடுங்கலாம், சுவரை எதுவரை மெலிக்கலாம், எந்தத் தோலை எவ்வளவு இழுக்கலாம் என்பதெல்லாம் செய்பவரின் கைக்கணக்கு. அவரோடு அந்தக் கணக்கும் போய்விடுகிறது.

இதே உரசல் விதியில் அமெரிக்காவில் ஒரு மரப்பெட்டி செய்கிறார்கள். காட்டு வான்கோழிச் சேவலை வேட்டைக்காரர் பக்கம் வரவழைக்கும் பெட்டி அது. மெல்லிய சுவர் கொண்ட நீளப் பெட்டியின் ஒரு முனையில், திருகாணியில் அசையும் மூடி. மூடியின் அடியில் சுண்ணக்கட்டி பூசிச் சுவரின் விளிம்பில் தேய்த்தால் பெட்டையின் குரல் வரும். இரண்டு சுவர்களின் கனத்தை மாற்றி இழைத்தால் குரலும் இரண்டாகும். ஆர்கன்சா மாநிலத்தின் ஹென்றி கிப்சன் 1897-இல் இத்தகைய பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்துவிட்ட நம் நாட்டில் அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. ஆனால் அதைச் செய்பவர்களின் ஒரு பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் பலர் பெட்டியிலேயே தம் பெயர், ஆண்டு, மரத்தின் வகை ஆகியவற்றை எழுதிவிடுகிறார்கள். தென் கரோலைனாவின் நீல் காஸ்ட் செய்த பெட்டிகளை, அவர் மறைந்த பின்னும் சேகரிப்போர் தேடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரிலும் முன்னுதாரணம் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு நாகசுரம் செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியின் பெயர் இன்றும் நிற்கிறது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உறுமிக்கு அப்படியொன்று கேட்டு நாளை சென்னையிலுள்ள பதிவகத்தில் விண்ணப்பித்தால், கருவியின் வரலாற்றுக்குச் சான்று எங்கே, செய்முறை என்ன என்று கேட்பார்கள். பெயரில்லாத கருவிகளை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வோம்?

பெயர் போட்டால் கூலி கூடுமா என்று பட்டறைகளில் கேட்கிறார்கள். உடனே கூடாது. ஆனால் பழுது வந்த கருவி செய்தவரையே தேடி வரும். மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் பெருகியிருக்கின்றன. அங்கே ஒருவர் கையில் நல்ல உறுமி கிடைத்தால், அடுத்ததை யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியும். உலோகக் கூடும் ஃபைபர் முகமும் விலையில் மலிவாக வந்து நிற்கும்போது, மரத்தில் செய்பவருக்குத் தன் பெயரைவிடப் பெரிய காப்பு வேறில்லை.

எனவே தொழிலில் உள்ள அனைவருக்கும் இந்த இதழின் வேண்டுகோள் இது. தோல் கட்டும் முன், கூட்டின் உட்சுவரில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு, மரம் நான்கையும் சுட்டெழுதுங்கள். தோல் கட்டுபவர் வேறு ஒருவர் என்றால் அவர் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். இரு முகங்களின் விட்டம், இடையின் சுற்றளவு, சுவரின் கனம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்தத் தைக்குக் கடையும் முதல் உறுமியிலேயே தொடங்குங்கள்.