‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால்…

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது வாளியில் படலம் மிதந்தது. சனம் கண்ணால் கண்டது. அப்படியிருந்தும் ஆய்வறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2019 ஏப்ரலில்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத மாசு என்றால்?

இயந்திரங்களில் படிந்த கிறீஸைக் கழுவவும் உடுப்புகளை உலர்சலவை செய்யவும் பயன்படும் குளோரின் கரைப்பான்கள் அப்படியானவை. புற்றுநோயை ஏற்படுத்தும் ரைக்குளோரோஎதிலீன் அதிலொன்று. நீரைவிடப் பாரமானது என்பதால் எண்ணெய் போல மிதக்காமல் கீழே இறங்கும். எங்களுடையதைப் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகளுக்குள் போய்விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

அதேவேளை அது இலகுவில் ஆவியாகும். அளப்பதில் உள்ள சிக்கல் இதுதான். மண்ணைக் கரண்டியால் அள்ளிப் போத்தலில் போட்டு, வெயிலில் வாகனத்தில் அனுப்பினால், ஆய்வுகூடத்துக்குப் போக முன்னரே பெரும்பகுதி பறந்துவிடும். ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வரும். ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை. அதன் கைக்குக் கிடைத்த மண்ணில் அது இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1990களில் முறையை மாற்றியது. ஊசிக்குழாய் போன்ற கருவியால் சுமார் 5 கிராம் மண்ணைக் குலையாமல் எடுத்து, அந்த இடத்திலேயே மெதனோல் உள்ள சிறு போத்தலில் இட்டு இறுக மூடி, குளிரில் அனுப்ப வேண்டும்.

நான் படித்தது ஊடகக் கற்கைகள். மாதிரியை யார், எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமலே ஆய்வு முடிவுகளைச் செய்தியாக்கியவன்தான் நானும்.

அளந்தாலும் போதாது என்பதற்கு வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் படைத்தளம் உதாரணம். அங்கு குடிநீரில் குளோரின் கரைப்பான்கள் அதிகம் என்று இராணுவ ஆய்வுகூடமே 1981இல் எழுதிவைத்தது. 1982 மே மாதம் லீற்றருக்கு 1,400 மைக்ரோகிராம் ரைக்குளோரோஎதிலீன் இருந்தது. இன்று அமெரிக்கா அனுமதிக்கும் எல்லை 5. கிணறுகளை மூடத் தொடங்கியது 1984 இறுதியில். பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடர வழிவிட்ட சட்டம் 2022இல்தான் வந்தது. சொந்தப் படையினரின் குடும்பங்களுக்கே இந்த நிலை.

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்படும்போது கண்ணிவெடி பற்றிக் கேட்கிறோம், எல்லைக்கல்லைத் தேடுகிறோம். முகாமின் வாகனத் திருத்தகம் எந்த வளவில் இருந்தது, கழிவை எங்கே ஊற்றினார்கள் என்றும் கிணறு இறைக்க முன்னர் எழுத்தில் கேட்க வேண்டும். மண் எடுக்க வருகிறவரின் கையில் என்ன போத்தல் இருக்கிறது என்றும் பாருங்கள்.