இருவர் போனால் இரண்டு ஒப்பந்தம்



திருகோணமலை ஓர்ஸ் ஹில் பகுதியில் இருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்: "நானும் கணவரும் ஆங்கில ஆசிரியர்கள். இருவரும் எம்.ஏ. முடித்தவர்கள். சவூதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'நீயும் பிள்ளைகளோடு வா, அங்கே போனபிறகு உனக்கும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். மாமியும் போகத்தான் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும் மௌலவி?"

கணவனும் மனைவியும் சேர்ந்து இருப்பது நல்லது. தாராளமாகப் போகலாம். ஆனால் "போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பிப் போக வேண்டாம். பார்க்க வேண்டியவற்றை எல்லாம் போகுமுன் பார்த்துவிட வேண்டும். அவை என்ன என்பதைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன்.

ஆங்கிலத்தால் பிழைப்பது நம் ஊருக்குப் புதியதல்ல. 1957-இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை, நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தவருக்குத் துறைமுகத்திலேயே வேலை இருந்தது. இன்று அதே ஆங்கிலம் கடல் கடந்து கூப்பிடுகிறது. அன்று வாப்பா மட்டும் வேலைக்குப் போனார். இன்று உம்மாவையும் கூப்பிடுகிறார்கள். வித்தியாசம் அதுதான்.

ஏன் பெண்களையும் கூப்பிடுகிறார்கள்? சவூதியில் பெண் பிள்ளைகளுக்கு அரசுப் பாடசாலைகள் தொடங்கியது 1960-இல்தான். பிறகு கல்வி வேகமாக வளர்ந்தது. 2011-இல் ரியாதில் இளவரசி நூரா பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில மொழி நிறுவனத்துக்கு ஆண்கள் பகுதி வேறு, பெண்கள் பகுதி வேறு. மருத்துவம், பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் ஆங்கிலமே பெரும் பாடம். பெண்களின் வகுப்புக்கு ஆசிரியைகள் வேண்டும். ஆகவே படித்த தம்பதிக்கு அங்கே மதிப்பு உண்டு.

ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படி அல்ல. தஹ்ரானில் உள்ள மன்னர் ஃபஹ்த் பல்கலைக்கழகம் 1963-இல் தொடங்கிய புகழ்பெற்ற இடம். அங்கே அண்மைக்காலம் வரை ஆண் மாணவர்கள் மட்டுமே படித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கணவருக்கு வேலை கிடைத்தால் மனைவி வேறு இடம் தேட வேண்டும். ஆகவே கணவரின் சம்பளத்தைக் கேட்கும்போதே, "அதே ஊரில் பெண்கள் பகுதி இருக்கிறதா, அதில் என் தகுதிக்கு இடம் உண்டா?" என்றும் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கணவரின் பெயரில் விசா எடுத்துப் போகும் மனைவியை அங்கே 'முராஃபிக்' என்பார்கள். உடன் வருபவர் என்று பொருள். உடன் வந்தவர் முறையான அனுமதி இல்லாமல் வேலை செய்தால் அது சட்ட மீறல். "சும்மா நாலு வகுப்பு எடுங்கள், கையில் பணம் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வேலைக்கு ஒப்பந்தம் இல்லை, விடுமுறை இல்லை, பணிக்கொடை இல்லை. சம்பளம் தராவிட்டால் முறையிடவும் வழி இல்லை. இருவர் வேலைக்குப் போகிறீர்களா? இரண்டு ஒப்பந்தம் வேண்டும். அதில் உங்கள் பெயர், உங்கள் தகுதி, உங்கள் சம்பளம், உங்கள் பாட நேரம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

சம்பளத்தில் இன்னொரு கசப்பும் உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஒரு சம்பளம், நம் நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே நல்ல ஆசிரியர் என்ற எண்ணம்தான் காரணம். இது தவறான எண்ணம் என்று ராபர்ட் பிலிப்சன் என்ற ஆங்கில அறிஞர் 1992-இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பேராசிரியராகப் போன நம் நாட்டுத் தமிழர் சுரேஷ் கனகராஜாவும் இந்த விஷயத்தை எடுத்து எழுதியவரே. அவருடைய நூல் 1999-இல் வந்தது.

அரபு படித்தவன் என்ற முறையில் நானும் ஓர் உதாரணம் சொல்கிறேன். அரபியில் 'அன தாலிப்' என்றால் 'நான் மாணவன்' என்று அர்த்தம். இரண்டே சொல், வினைச்சொல் இல்லை. ஆகவே அரபுப் பிள்ளை ஆங்கிலம் எழுதும்போது நடுவில் வர வேண்டிய 'இஸ்', 'ஆம்' என்பதை விட்டுவிடும். தமிழிலும் 'நான் மாணவன்' என்று இரண்டே சொல்தான். அந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது நமக்கு உடனே விளங்கும். இன்னொன்று: நாம் படுக்கும் பாயும், நம்மவரை அழைக்கும் 'பாய்' என்ற சொல்லும் எழுத்தில் ஒன்று, ஓசையில் வேறு. அரபியில் இரண்டாவது ஓசை மட்டுமே உண்டு. முதல் ஓசைக்கு எழுத்தே இல்லை. அதனால்தான் அங்கே பாகிஸ்தானின் முதல் எழுத்தும் மெல்லோசையாக ஒலிக்கிறது. மத்ரஸாவில் குர்ஆன் ஓதிப் பழகிய நம் சகோதரிக்கு இது பாலபாடம். சம்பளம் பேசும்போது தலை குனிய வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் அறிவு சிறியதல்ல.

அடுத்து, சம்பாதித்த பணம் யாருடையது? பல வீடுகளில் பேசப்படாத கேள்வி இது. இரண்டு சம்பளமும் கணவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் ஊரில் காணி வாங்குவார்; காணி அவர் பெயரிலோ, அவருடைய காக்கா பெயரிலோ இருக்கும். பத்து ஆண்டு உழைத்த மனைவியின் பெயரில் ஒரு சதமும் இராது. ஷரீஅத் சட்டம் இதில் தெளிவானது. மனைவியின் மஹரைப் போலவே அவள் உழைத்த பணமும் அவளுக்கே சொந்தம். மனைவி வசதியுள்ளவளாக இருந்தாலும் வீட்டுச் செலவு கணவனின் கடமை. அவளாக மனம் விரும்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு, அதற்கு நன்மை உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) தம் பொருளைக் கணவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, அதற்கு இரண்டு நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது ஹதீஸ் நூல்களில் உள்ளது. கொடுக்கலாமா என்று அவர் கேட்டதிலேயே பொருள் அவருடையது என்பது விளங்கவில்லையா?

கணக்கு வேறாக இருப்பதில் இன்னொரு அவசியமும் உண்டு. ஸகாத் அவரவர் பொருளுக்கு அவரவர் மீது கடமை. உங்கள் சேமிப்பு நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை நீங்கள் கொடுக்க வேண்டும். எது உங்கள் பணம் என்றே தெரியாவிட்டால் எதற்கு ஸகாத் கொடுப்பீர்கள்? நம் கிழக்கு மாகாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். உறுதியில் பெண்ணின் பெயர் இருப்பது நமக்குப் புதிதல்ல. வங்கிப் புத்தகத்திலும் அப்படியே இருக்கட்டும்.

பணிக்கொடை பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். ஆள் எடுத்துக்கொடுக்கும் கம்பனி வழியாகப் போனால் சவூதித் தொழிற்சட்டம் பொருந்தும். அதன்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். நீங்களாக விலகினால் கணக்கு குறையும்: 2 ஆண்டுக்குள் விலகினால் ஒன்றுமில்லை, 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, 10 ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 ஆண்டு நிறைந்தால் முழுவதும். ஆனால் பிள்ளை பெற்ற 3 மாதத்துக்குள் வேலையை விடும் பெண்ணுக்கு முழுத் தொகையும் உண்டு. திருமணமான 6 மாதத்துக்குள் விடுபவருக்கும் அப்படியே. இந்த விதி தெரியாமல் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகமே நேரடியாக எடுத்தால் அதன் விதிகள் வேறு. கையெழுத்துக்கு முன் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் பாரமானது. உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 ஏறி 2020-இல் 400 ஆனது. மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1200 ரியால். இதைத் தாங்க முடியாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவர்கள் பலர். இதை யார் கட்டுவது, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரியது படிப்பு. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலையில் லண்டன் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நம் அரசுப் பல்கலைக்கழகங்களோ க.பொ.த. உயர்தரத்தின் இசட் புள்ளியைக் கொண்டே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. மாவட்ட ஒதுக்கீட்டின் பயனும் இங்கே இருந்து படித்த பிள்ளைக்கே. வெளிநாட்டுப் பரீட்சை எழுதிவந்த பிள்ளைக்கு அந்த வாசல் மிகவும் சிறியது. தாயும் தந்தையும் ஊரான் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருக்க, சொந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இல்லாமல் போனால் என்ன பயன்? மூத்த பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்போது திரும்புவது என்பதை இப்போதே கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள். வாரம் இரண்டு நாள் தமிழ் எழுத வையுங்கள். வாப்பும்மாவோடு பேச ஆள் வைத்து மொழிபெயர்க்கும் நிலை வரக் கூடாது.

எந்த வேலையும் நிரந்தரம் அல்ல என்பதற்கு லிபியாவும் யமனும் சாட்சி. லிபியாவில் 1986-இல் பாடசாலைகளில் ஆங்கிலத்தையே நிறுத்தினார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்தபோது கற்பிக்க ஆள் போதவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இந்தியாவில் இருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். 2011-இல் சண்டை மூண்டதும் ஆயிரக்கணக்கான இந்தியர் திரும்பிவர நேர்ந்தது. அதன்பிறகும் தங்கி இருந்தவர்களில் ஸிர்த் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் 2015 ஜூலையில் கடத்தப்பட்டார்கள். இருவர் சில நாளில் விடுபட்டார்கள். மற்ற இருவர் வீடு திரும்ப 2016 செப்டம்பர் ஆயிற்று. அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தை அவர்களின் மனைவிமார் எப்படிக் கழித்திருப்பார்கள்! யமனில் போர் மூண்டபோது 2015 ஏப்ரலில் இந்திய அரசு 4,600-க்கும் மேற்பட்ட தன் மக்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சான்றிதழ்களின் மூலப் பிரதி எங்கே இருக்கிறது, ஆறு மாதச் செலவுக்கு ஊரில் பணம் இருக்கிறதா, அது யார் கையெழுத்தில் எடுக்க முடியும் என்பதை மனைவியும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஓர்ஸ் ஹில் சகோதரிக்கு: அரசுப் பாடசாலையில் இருக்கிறீர்களானால் வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அரசு ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் 5 ஆண்டு வரை வெளிநாட்டில் வேலை செய்ய 2022-இல் சுற்றறிக்கை வந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் ஒப்பந்தம் கைக்கு வரும்வரை கணவர் முதலில் போய் வீடு, பாடசாலை பார்க்கட்டும். நாலைந்து மாதம் பிரிந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் பல ஆண்டுகள் 'உடன் வந்தவர்' என்ற பெயரோடு வீட்டில் அடைந்திருப்பதைவிட அது இலேசு.

இதைக் கணவரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். இஷாவுக்குப் பிறகு ஓர் இரவு பிள்ளைகள் தூங்கியதும் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். கையெழுத்திட வேண்டியது இரண்டு ஒப்பந்தம் என்று அவரும் ஒப்புக்கொண்டால், இன்ஷா அல்லாஹ், நல்ல பயணமாக அமையும். வஸ்ஸலாம்.