பின் ஷொக்கின் முக்கியத்துவம்

திருகோணமலைச் சீனக்குடா விமான ஓடுபாதையைக் காணுந்தோறும், சென்னைக்கு அருகே சோழவரத்தில் யுத்தகால விமானத்திடலொன்றே பல தசாப்தங்கள் மோட்டார்ப் பந்தயக்களமாக விளங்கிய சரித்திரம் என் நினைவுக்கு வருவதுண்டு. அத்தகைய களத்தில் நேர்கோட்டில் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர் தூரத்தைக் கடக்கும் டிராக் பந்தயத்தில் நாட்டங்கொண்ட நம் திருகோணமலை வாலிபர்கள், எஞ்சினின் குதிரைவலுவைப் பெருக்குவதற்குச் செலவிடும் திரவியத்தில் ஒரு பங்கையேனும் பின்பக்க ஷொக் அப்சோபருக்கு ஒதுக்கவேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். புறப்படும் கணத்தில் காரின் பாரம் பின்சக்கரங்களுக்குப் பெயர, நன்கமைந்த பின் அச்சுப் பிணைப்பு உடலை மேலுயர்த்தி டயரைத் தரையோடு அழுத்துகிறது. அவ்வழுத்தம் எத்தனை வேகமாக விழவேண்டுமென்பதை ஷொக்கின் விரியும் தடையும், அழுந்திய டயர் மீண்டெழுந்து துள்ளாதிருப்பதை அதன் சுருங்கும் தடையும் நிர்ணயிக்கின்றன. ஆதலால் இவ்விரண்டையும் தனித்தனியே திருத்தக்கூடிய ஷொக்கே உத்தமம். விலை அதிகந்தான், ஆயினும் வீண்செலவன்று. டயர் முதலிற் பற்றி உடனே வழுக்கினால் விரியும் தடையைச் சற்று இறுக்குங்கள். பற்றாமலே சுழன்றால் தளர்த்துங்கள். ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றமே போதும். பரீட்சைக்கு மூடிய களமே வேண்டும். உட்துறைமுக வீதி போன்ற பொதுவீதியில் ஒருபோதும் வேண்டாம்.